பேட்டை மணிக்கட்டில் நிறுத்துப் பாருங்கள்

சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் இந்தியாவுக்காக முதன்முதலில் பந்து வீசினார். அதே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். அப்படி ஆன முதல் இந்தியர் அவர்தான். உலகம் வியந்த அவருடைய யார்க்கர் டென்னிஸ் பந்தில் விளைந்தது. பந்து வீசுகிறவரைப் பற்றி அதன்பிறகு நிறையப் பேசிவிட்டோம். ஓமலூரிலும் எடப்பாடியிலும் ராசிபுரத்திலும் காலடியில் இறங்கும் அந்தப் பந்தை எதிர்கொண்டு நிற்கும் பையன் கையில் என்ன பேட் இருக்கிறது? அதையும் பேச வேண்டும்.

ஊர் டோர்னமெண்டில் ஓவர்கள் குறைவு. வருகிற ஒவ்வொரு பந்தும் எல்லை தாண்ட வேண்டும். அதனால் கடைக்குப் போகிற பையன் முதலில் கேட்பது, "எட்ஜ் எவ்வளவு திக்குண்ணா?" என்றுதான். 2024இல் வந்த 'லப்பர் பந்து' படத்தில் பார்த்தோமே, ஊர் கிரிக்கெட்டின் வீம்பு, அது பேட் வாங்குவதிலும் உண்டு. இருப்பதிலேயே கனமானதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு இது மனவருத்தம் தருகிற விஷயம். நல்ல கண்ணும் நல்ல கையும் உள்ள பையன்கள் பேட்டின் கனத்தாலேயே பிந்தி அடித்து, லாங் ஆனில் கேட்ச் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். கிரிக்கெட் பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம் வரை. புல்தரை டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. நம் மேட்ச்களில் ஆடும் ஹார்ட் டென்னிஸ் பந்து அதைவிடக் கனம், ஆனாலும் கிரிக்கெட் பந்தைவிட லேசு. இவ்வளவு லேசான பந்துக்கு 1,000 கிராம் பேட்டே மலை மாதிரி. அதை 1,100 ஆக்கினால், ஒரே வேகத்தில் வீசினாலும், பந்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும் வேகம் தோராயமாக ஒரு சதவீதம்தான். ஆனால் அந்த 100 கிராமால் கை வீச்சு ஐந்து சதவீதம் தளர்ந்தால், பந்தின் வேகமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு விழுந்துவிடும். தூரத்தைத் தருவது வீச்சின் வேகமும் பந்து நடுவில் படுவதும்.

நடுவில் படாத பந்து என்ன ஆகும்? பேட் கைக்குள் முறுக்கிக்கொள்ளும். பந்து குறி தவறிப் போகும். டென்னிஸ் பந்துக்கென்று வரும் ஸ்கூப் பேட்டின் முதுகைத் தடவிப் பாருங்கள். நடுவில் மரத்தைக் குடைந்து எடுத்திருப்பார்கள், ஓரங்களை விட்டுவைத்திருப்பார்கள். எடை ஓரத்துக்குப் போனால் பேட் எளிதில் முறுக்காது. கோல்ஃப் ஆட்டத்தில் முதல் அடிக்கு எடுக்கும் டிரைவர் மட்டையிலும் இதே வேலைதான் நடக்கிறது. முன்பு கட்டை மரத்தில் செதுக்கிய அதன் தலை இன்று டைட்டானியத்தில் உள்ளீடற்றது. விதி அனுமதிக்கும் 460 கன சென்டிமீட்டர் வரை ஊதிப் பெருத்து, எடையை விளிம்புகளில் வைத்திருக்கிறது. சற்று விலகி அடித்தாலும் பந்து நேர்க்கோட்டை விட்டு அதிகம் போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆக, தடித்த எட்ஜ் தருவது திசை. அதைத் தூரத்துக்கென்று நினைத்து வாங்குவதில்தான் கோளாறு. லெதர் பந்து ஆட்டத்தில் 2017 முதல் எட்ஜுக்கு 40 மில்லிமீட்டர், முதுகுக்கு 67 மில்லிமீட்டர் என வரம்பும் இருக்கிறது.

எடை, எட்ஜ் இரண்டையும் அடுத்து மூன்றாவது, கைக்கு வாகு. என் கணிப்பில் முதலில் பார்க்க வேண்டியதே இதுதான். தராசில் ஒரே எடை காட்டும் இரண்டு பேட்களில் ஒன்று சுலபமாக எழும்பும், இன்னொன்று கையைக் கீழே இழுக்கும். எடை எந்த இடத்தில் குவிந்திருக்கிறது என்பதில் வருகிற வித்தியாசம் இது. விளையாடுகிறவர்கள் பிக்-அப் என்பார்கள். மேல்கையால் மட்டும் ஹேண்டிலைப் பிடித்து, பேட்டைத் தரைக்கு இணையாகத் தூக்கிச் சற்று நேரம் நிறுத்துங்கள். மணிக்கட்டு நடுங்கினால் அந்த பேட் உங்களுக்கு ஆகாது. பிறகு ஒரு பந்தைக் கையில் எடுத்து, அடிமுனையிலிருந்து மேல்நோக்கி விரல் அகலம் விரல் அகலமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் கைக்கு அதிர்வே வராது, பந்து துள்ளும். அதுதான் மிடில். பெரும்பாலான பேட்களில் அது அடிமுனையிலிருந்து ஏறத்தாழ 15 சென்டிமீட்டரில் இருக்கும். பந்து எழும்பாத ஏரித் தரையில் ஆடுகிறவருக்கு மிடில் சற்றுத் தாழ்ந்திருப்பது நல்லது. இறுகிய செம்மண்ணில் இடுப்புக்கு எழும்பும் பந்துக்குச் சற்று மேலே வேண்டும். யார்க்கர் அதிகம் வருகிற நம் பக்கத்தில் தாழ்ந்ததையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

மரத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. டென்னிஸ் பந்துக்குக் காஷ்மீர் வில்லோ தாராளமாகப் போதும். இங்கிலீஷ் வில்லோவுக்குக் கொடுக்கும் பணம் லெதர் பந்து ஆடுகிறவருக்கே பிரயோஜனம். பாப்லர் மரத்தில் வரும் மலிவு பேட்களில் அடி சீக்கிரம் செத்துவிடும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியிலோ நிறுத்திய வண்டியிலோ பேட்டைப் போட்டு வைக்காதீர்கள். மரம் காய்ந்து விரிசல் விடும்.

டீம் கேப்டன்களுக்கும் அண்ணன்களுக்கும் ஒரு வேண்டுகோள். டீம் பணத்தில் ஒரே ஒரு பேட் வாங்கி, பதினொரு பேரும் அதிலேயே ஆடுங்கள் என்று சொல்லாதீர்கள். ஆறடி ஆளுக்குப் பொருந்துவது பதினைந்து வயதுப் பையனுக்குப் பொருந்தாது. லேசானதாக இன்னொன்றும் வாங்கிவையுங்கள். வாங்கப் போகும்போது அந்தப் பையனையும் கூட்டிப்போங்கள். படத்தைப் பார்த்து ஆன்லைனில் ஆர்டர் போடாதீர்கள். கடைக்காரர் விட்டால் வாசலில் பத்துப் பந்து அடித்துப் பார்க்கட்டும்.