இடைநிலை இழைகள்

இடைநிலை இழைகள் என்பவை செல்லின் சட்டகத்தை உருவாக்கும் மூவகைப் புரத இழைகளுள் ஒரு வகை. ஆக்டின் நுண்ணிழையின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர். நுண்குழலின் தடிமன் சுமார் 25 நானோமீட்டர். இடைநிலை இழை சுமார் 10 நானோமீட்டர். இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பதால் ‘இடைநிலை’ என்று பலரும் எண்ணுவர். உண்மையில், 1968இல் வளரும் தசைச் செல்களை ஆராய்ந்தவர்கள், ஆக்டினுக்கும் தடித்த மயோசின் இழைக்கும் இடைப்பட்ட தடிமனில் இவற்றைக் கண்டதால் வந்த பெயர் இது.

செல்லின் அசைவுக்கும் உட்போக்குவரத்துக்கும் மற்ற இரு வகைகள் பெரிதும் உதவுகின்றன. இடைநிலை இழைகளின் முதன்மைப் பணி விசையைத் தாங்குவது. குற்றாலச் சீசனில் பேரருவியின் அடியில் நிற்பவரின் தோள்மீது நீர் ஓங்கி அறைகிறது. தோல் அமுங்குகிறது, இழுபடுகிறது, ஆனால் கிழிவதில்லை. இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, தோல் செல்களுக்குள் வலைபோலப் பரவியுள்ள கெரட்டின் என்னும் இடைநிலை இழை.

அமைப்பு

வடம் திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு புரதத்திலும் தலை, நடுத்தண்டு, வால் என மூன்று பகுதிகள் உண்டு. நடுத்தண்டு சுமார் 310 அமினோ அமிலங்களால் ஆன ஆல்பா சுருள். இரண்டு சுருள்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஒரு புரி ஆகின்றன. இரண்டு புரிகள் எதிரெதிர்த் திசையில், சற்று விலகிப் படிந்து நான்கன் தொகுதியாகின்றன. எட்டுத் தொகுதிகள் பக்கவாட்டில் சேர்ந்து சுமார் 60 நானோமீட்டர் நீளத் துண்டாகி, துண்டுகள் முனையோடு முனை இணைந்து நீள்கின்றன. இதற்கு ஏடிபி தேவையில்லை. எதிரெதிராக அடுக்கப்படுவதால் இழையின் இரு முனைகளும் ஒன்றுபோலவே இருக்கும். எனவே இயக்கப் புரதங்கள் இதன்மேல் நடந்து செல்வதில்லை. சுருள்கள் பிரிந்து நீள்வதால், இழையை இரண்டு மடங்குக்கு மேல் இழுத்தாலும் அறுவதில்லை.

மாணவர்கள் இதைக் கொலாஜனோடு குழப்பிக்கொள்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் 1950களில் கண்டறிந்த முச்சுருள் அமைப்பு கொலாஜனுக்கு உரியது. அது செல்லுக்கு வெளியே இருப்பது. கெரட்டின் செல்லுக்குள்ளே, இரட்டைச் சுருளாக இருக்கிறது.

கெரட்டின் பழுதானால்

தோலின் அடியடுக்குச் செல்களில் கெரட்டின் 5, கெரட்டின் 14 ஆகியவை இணைசேர்ந்து இழையாகின்றன. இவற்றின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே போதும். இழை வலுவிழந்து, செருப்பு வார் உரசும் இடத்தில்கூடச் செல்கள் உடைந்து கொப்புளம் எழும். வெயில் காலத்தில் இது கூடும். ‘எபிடெர்மோலைசிஸ் புல்லோசா சிம்ப்ளெக்ஸ்’ எனப்படும் இந்நோயின் காரணம் 1991இல் தெரியவந்தது. இது தொற்றுநோய் அன்று. இத்தகைய குழந்தையை வகுப்பில் தனியே உட்கார வைப்பது அறியாமை. உராய்வைக் குறைக்கும் மென்மையான காலணியே அதற்கு வேண்டியது.

பிற வகைகள்

தசையில் டெஸ்மின், நரம்பு செல்களில் நரம்பிழைகள், இணைப்புத்திசுவில் விமென்டின் உள்ளன. லாமின்கள் உட்கருவின் உள்சுவரை ஒட்டி அமைந்து, செல் பிரியும்போது கலைந்து மீண்டும் கூடுகின்றன. ஐதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் வீணா பர்நாயக் இவற்றை விரிவாக ஆராய்ந்தவர். சிறுவயதிலேயே முதுமை தோன்றும் புரோஜீரியாவுக்கு லாமின் ஏ மரபணுப் பிழையே காரணம் என்பது 2003இல் உறுதியானது.

திசுவுக்குத் திசு வகை மாறுவதால், கட்டி எங்கிருந்து தோன்றியது என்று அறிய மருத்துவர்கள் இவற்றைச் சாயமிட்டுப் பார்க்கிறார்கள். பயாப்சி அறிக்கையில் ‘சைட்டோகெரட்டின் பாசிட்டிவ்’ என்றிருந்தால், அச்செல்கள் எபிதீலியத் திசுவைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்பதே பொதுவான பொருள். அந்தச் சொல் மட்டுமே புற்றுநோயைக் குறிப்பதில்லை.