வேலியோரத்தில் ஒரு காடு

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் நம்ம மாமல்லபுரம் பக்கத்தில்தான் கரையேறியது. அதற்கு முன் 2016ல் வர்தா. ஒவ்வொரு புயலுக்கு அப்புறமும் மரக்கன்று நடுகிறோம். என்ன மரம் என்று மட்டும் யோசிப்பதில்லை.

பசுமைத் தமிழகம் இயக்கத்தின் இலக்கு 33 சதவீதப் பசுமைப் பரப்பு. நல்லதுதான். ஆனால் இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட இடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மரக்கவிகை இருந்தால் அது வனப்பரப்பு. யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. தோப்பும் அதில் சேரும். சவுக்கு நாலு வருஷத்தில் காசாகும். வங்கியில் இருந்தபோது அதற்குக் கடன் கொடுத்தவன்தான் நானும். குறை சொல்லவில்லை. ஆனா வெட்டின மறுநாள் அங்கே காடு இல்லையே!

நம்ம கரையின் சொந்தக் காடு வேற. காசா, வீரை, பாலை, களா என்று குட்டையாக, நெருக்கமாக வளரும்; கோடையிலும் பச்சை மாறாது. உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். இன்று அது பெரும்பாலும் கோயில் காடுகளில் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டி, கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டைப் பார்த்தால் புரியும். மனை விலை ஏற ஏற, இந்தத் துண்டுகளுக்கும் ஆபத்து. தாய்மரம் போனால் விதைக்கு எங்கே போவது?

அடுத்த சவால் சீமைக் கருவேலம். அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்க, 2022ல் அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. ஆனால் பிடுங்கின இடத்தைச் சும்மா விட்டால் மறுபடி அதுதான் முளைக்கும். அங்கே என்ன வைக்கப் போகிறோம்?

இங்கேதான் நமக்கு வாய்ப்பு. வேடந்தாங்கல் விவசாயிகளை நினைச்சுப் பாருங்க. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்ததால், பறவைகளைச் சுடக்கூடாது என்று 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்கள். வனவிலங்குச் சட்டம் வந்தது 1972ல்தான்! பயன் தெரிந்தவன்தான் காப்பாற்றுவான்.

செய்ய வேண்டியது சின்ன வேலை:

• கடல் பக்க வேலியில் பனை, புன்னை, பூவரசு, புங்கன், தாழை வையுங்கள். உப்புக்காற்றைத் தாங்கும்.

• உள்வேலியில் நாவல், இலுப்பை, களா, நொச்சி. பூச்சி தின்னும் பறவைகளுக்கு இடம் கிடைக்கும்.

• நாவல், இலுப்பை விதைகளைச் சேமித்து வைக்காதீர்கள். முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். பொறுக்கின சில நாளிலேயே பையில் ஊன்றுங்கள்.

• வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நடவு.

எந்தச் செடி எங்கே வளரும் என்று இருளர் மக்களுக்குத் தெரியும். தண்டரையில் இருளர் பெண்கள் நலச் சங்கம் 1986ல் தொடங்கி, மூலிகையும் நாற்றும் வளர்க்கிறது. ஒருமுறை போய் வாருங்கள்.

இந்த ஆடியில் உங்க ஊர் கோயில் காட்டுக்குப் போனால் கும்பிட்டதோடு திரும்பாதீங்க. எந்த மரம் காய்த்திருக்கு என்று பார்த்து, கீழே உதிர்ந்ததில் நாலு விதை எடுத்து வாங்க.