தடய அறிவியல்: நாம் தெரிந்திருக்க வேண்டியவை



டி.என்.ஏ. பரிசோதனை, கருவிழிப் பதிவு, உண்மை கண்டறியும் சோதனை ஆகியவை இன்று அடிக்கடி காதில் விழும் சொற்கள். 'சோதனையில் தெரிந்துவிட்டது, இனி பேச என்ன இருக்கிறது' என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். பேச நிறைய இருக்கிறது.

சூரா யூசுஃபில் வரும் சட்டைகளை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் சகோதரர்கள் பொய் இரத்தம் பூசித் தந்தையிடம் கொண்டுவந்தார்கள். மற்றொன்று பின்பக்கம் கிழிந்திருந்ததால் நபி யூசுஃப் (அலை) அவர்கள் குற்றமற்றவர் என்பது தெளிவானது. ஆதாரம் உண்மையும் சொல்லும். யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்துப் பொய்யும் சொல்லும்.

தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் இருவர் கொலை செய்யப்பட்டனர். கைதானவருக்கு விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரிகள் யாரிடம், எவ்வளவு நாள், எந்த நிலையில் இருந்தன என்பதற்குச் சரியான கணக்கு இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம். பாவில் ஓர் இழை அறுந்தாலும் சேலையில் தெரியும் என்பது நம் ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கே அறுந்த இழையால் ஒருவர் தூக்குமேடை நிழலில் ஆண்டுகளைக் கழித்தார். பிள்ளைகளை இழந்த குடும்பங்களுக்கும் பதில் கிடைக்கவில்லை.

அந்தத் தீர்ப்பின்படி, எடுத்த மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். தாமதமானால் காரணம் எழுத வேண்டும். மாதிரி கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏற வேண்டும். வழக்கு நடக்கும்போது நீதிமன்ற அனுமதியின்றி உறையைத் திறக்கக் கூடாது.

இன்னும் சில விவரங்கள்:

1. மயக்க மருந்து தந்து விசாரிப்பது, பொய் கண்டறியும் கருவி, மூளை அலைச் சோதனை ஆகியவற்றை ஒருவரின் சம்மதமின்றிச் செய்யக் கூடாது. இது செல்வி வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2. 2022ஆம் ஆண்டு அடையாளச் சட்டப்படி, கைதானவரின் கைரேகை, புகைப்படம், கருவிழிப் பதிவு ஆகியவற்றை எடுக்கலாம். அவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். சட்டப்படி எடுப்பதைத் தடுப்பது குற்றம், தகராறு வேண்டாம். ஆனால் இரத்தம் போன்ற உடல் மாதிரிக்கு இந்தச் சட்டம் எல்லோரையும் கட்டாயப்படுத்தவில்லை. பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களிலும் ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களிலும் மட்டுமே கட்டாயம்.

3. முன்பு தண்டனை பெறாதவர் மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்து விடுதலையானால், நீதிமன்றம் காரணம் எழுதி வேறு உத்தரவிட்டாலன்றி, அவரது பதிவை அழிக்க வேண்டும். தீர்ப்பு நகலைப் பத்திரமாக வைத்து, வழக்கறிஞர் மூலம் கேளுங்கள்.

பாதிக்கப்பட்டவர் நம் வீட்டவராக இருந்தால், அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் உடனே மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் செல்லுங்கள். தாமதம் ஆதாரத்தை அழித்துவிடும்.

பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். இந்தப் பக்கத்தை வீட்டில் இளைஞர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

செயலாளர்