ஏற்காட்டில் ஒரு மலை வீடு!

குட்டீஸ்! முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டதா? புத்தகப் பை பரண் மேல் ஏறிவிட்டதா? வெளியே அடிக்கிற வெயிலில் தலை காட்ட முடியவில்லையா? கிளம்புங்கள், இந்த வாரம் நாம் ஏற்காட்டுக்குப் போகலாம்.

"ஏற்காடுதானே? ஏரியில் படகு, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட். காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடலாமே" என்கிறீர்களா? அப்படித்தான் நிறையப் பேர் போய் வருகிறார்கள். அவர்கள் பார்த்தது பாதி ஏற்காடு. மீதிப் பாதியைப் பார்க்க வேண்டும் என்றால் அங்கே ஒரு வீட்டில் நாலு நாள் தங்க வேண்டும்.

காபித் தோட்டத்துக்கு நடுவில், ஓட்டுக் கூரை போட்ட ஒரு சின்ன வீடு. டி.வி. இல்லை. செல்போன் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. "ஐயோ, போர் அடிக்குமே!" என்று பயப்படாதீர்கள். அங்கே என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தால் திரும்பி வரவே மனசு வராது.

காது அடைக்குதா?

சேலத்தில் இருந்து ஏற்காடு சுமார் 30 கி.மீ. தூரம். அடிவாரத்தைத் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள் வரும். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வாருங்கள். பாதி வழியில் 'டப்'பென்று காது அடைக்கும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. காதுக்கு உள்ளே இருக்கும் காற்றும் அதற்கு ஏற்ப வெளியேற வேண்டும். எச்சிலை விழுங்குங்கள், அல்லது வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விடுங்கள். சரியாகிவிடும். வாந்தி வருகிற மாதிரி இருந்தால் செல்போனையோ புத்தகத்தையோ பார்க்காமல், தூரத்தில் தெரியும் சாலையைப் பாருங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கடல் மட்டத்தில் இருந்து சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 100 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 டிகிரி செல்சியஸ் குறையும். அப்படியானால் சேலத்தை விட ஏற்காட்டில் எத்தனை டிகிரி குறைவு? போட்டுப் பாருங்கள். ஏழு, ஏழரை டிகிரி வருகிறதா? சபாஷ்! கீழே மின்விசிறி போட்டும் வியர்க்கிற நேரத்தில், மேலே ராத்திரி போர்வை தேடுவது இதனால்தான்.

மலைக்குச் சொந்தக்காரர்கள்

ஏரியும் காடும் சேர்ந்த ஊர் என்பதால் 'ஏரிக்காடு' என்று இருந்தது, 'ஏற்காடு' ஆனது என்பார்கள். இந்த மலைக்குப் பெயர் சேர்வராயன் மலை. மலை உச்சியில் ஒரு குகைக் கோயிலில் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். சாமியின் பெயரே மலைக்கும் வந்தது. ஆங்கிலேயர் வாயில் அது 'ஷெவராய்' ஆகிவிட்டது.

இங்கே காலம் காலமாக வாழ்கிறவர்களுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்! மலையை ஆள்கிறவர்கள், மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் இந்தப் பெயர். பேசுவது தமிழ்தான். கொல்லிமலை, கல்வராயன் மலை, பச்சைமலை, ஜவ்வாது மலை ஆகிய இடங்களிலும் இவர்கள் உண்டு. காஞ்சிபுரத்தில் இருந்து தங்கள் முன்னோர்கள் வந்ததாக இவர்கள் வழிவழியாகக் கதை சொல்கிறார்கள். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா நடக்கும். மலைக் கிராமங்களில் இருந்து கூட்டம் கூட்டமாக மேலே ஏறி வருவார்கள். அந்த நேரத்தில் அங்கே இருந்தால் தவறவிடாதீர்கள்.

மூங்கிலைப் பிளந்து தட்டி கட்டி, மண் பூசி, புல் வேய்ந்த வீடுகள்தான் இந்த மலையின் முதல் வீடுகள். மண் சுவர் பகலில் சூட்டை உள்ளே விடாது, ராத்திரியில் குளிரையும் உள்ளே விடாது. சுற்றிலும் கிடைக்கிற மூங்கில், மண், புல் மூன்றையும் வைத்தே கட்டிவிட்டார்கள் பாருங்கள்! சாமை, ராகி, தினை விதைத்துச் சாப்பிட்டார்கள். இப்போது பெரும்பாலும் ஓட்டு வீடுகளும் மாடி வீடுகளும் வந்துவிட்டன. ஆனாலும் மலைக் கிராமத்தில் யாராவது ஒரு பாட்டி சாமைச் சோறு போட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

கலெக்டர் நட்ட செடி

தோட்ட பங்களாக்கள் எப்படி வந்தன? 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்தவர் காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சேலத்து வெயில் தாங்காமல் மலை ஏறியவர், இங்கே 'கிரேஞ்ச்' என்ற தோட்டத்தில் காபி, ஆரஞ்சு, பேரி என்று பலவற்றை நட்டுப் பார்த்தார். எல்லாம் நன்றாக வந்தன. அதைப் பார்த்து மற்றவர்களும் தோட்டம் போட்டார்கள். தோட்டத்தோடு வீடுகளும் வந்தன.

அந்தப் பழைய வீடுகளை நன்றாகக் கவனியுங்கள். கூரை சரிவாக இருக்கும், மழைத் தண்ணீர் நிற்காமல் ஓடத்தான். அறையில் கணப்பு இருக்கும், விறகு போட்டுக் குளிர் காய. புகை போகக் கூரை மேல் ஒரு புகைபோக்கி நிற்கும். முன்னால் நீளமாக ஒரு வராண்டா. மலை வீட்டில் ரொம்ப முக்கியமான இடம் இந்த வராண்டாதான். நாமும் அங்கேயே பாயை விரித்துவிடலாம்.

சோறு ஏன் லேட்?

முதல் நாள் பகலில் உங்களுக்குப் பசிக்கும். அம்மா பாத்திரத்தில் அரிசி போட்டு ரொம்ப நேரம் ஆகியிருக்கும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். ஆனால் அரிசி வேகாது! அடுப்பு சரியில்லையா? அடுப்பைத் திட்டாதீர்கள். கடற்கரை ஊரில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால், ஏற்காட்டில் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. சூடு குறைவு என்றால் வேக நேரம் கூடும். குக்கரை மூடி வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறிச் சீக்கிரம் வெந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்தது அடுப்படியிலேயே இருக்கிறது!

வெள்ளை வெளேர் காபித் தோட்டம்

காலையில் சீக்கிரம் எழுந்து வராண்டாவுக்கு வாருங்கள். தலையில் கருப்புக் கொண்டையும் கன்னத்தில் சிவப்புப் பொட்டும் வைத்த ஒரு பறவை கத்திக்கொண்டே தாவும். அது செம்மீசைச் சின்னான். சில நாள் எதுவுமே தெரியாது, வாசல் வரை வெள்ளையாக மேகம் வந்து நிற்கும். கையை நீட்டினால் விரல் ஈரமாகும். நீங்கள் மேகத்தைத் தொட்டுவிட்டீர்கள்!

காபிச் செடிகளுக்கு நடுவில் உயரமான மரங்கள் நிற்கும். பெயர் சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த மரம் இது. காபிச் செடிக்கு நிழல் தருகிறது. இதன் மேலேதான் மிளகுக் கொடியும் படர்கிறது. கீழே விழுந்த ஓர் இலையை எடுத்துத் திருப்புங்கள். மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளி!

மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் அதிசயம் நடக்கும். காபி மொட்டுகள் அந்த மழைக்காகத்தான் காத்திருக்கும். மழை பெய்த ஒன்பது, பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் பூக்கும். கிளை தெரியாமல் வெள்ளைப் பூ. மல்லிகை மாதிரி வாசனை. எங்கே பார்த்தாலும் தேனீ ரீங்காரம். இரண்டு மூன்று நாளில் எல்லாம் வாடிவிடும். மழை வராவிட்டால் பூவும் சரியாக வராது. அந்த வருஷம் விளைச்சல் குறையும். ஒரு மழையை நம்பி எத்தனை குடும்பங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

மே மாதம் போனால் பச்சைப் பிஞ்சுகளைப் பார்க்கலாம். அவை எப்போது பழுக்கும்? நவம்பர், டிசம்பர், ஜனவரியில்! நீங்கள் கோடை விடுமுறையில் பார்த்த பிஞ்சு, உங்கள் அரையாண்டுத் தேர்வு நேரத்தில்தான் சிவக்கும். சிவந்த பழத்துக்குள் இரண்டு கொட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு இருக்கும். அவற்றைக் காயவைத்து, வறுத்து, அரைத்த பிறகுதான் தாத்தாவின் டம்ளருக்குக் காபி வருகிறது.

மழை வந்தால்...

சில நாள் மத்தியானம் திடீரென்று இருட்டும். ஓட்டுக் கூரையில் 'தடதட'வென்று மழை. கரண்டும் போய்விடும். அழாதீர்கள், இதுதான் ஜாலியான நேரம்! தாயக்கட்டையை உருட்டுங்கள். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை இல்லையா? தோட்டத்தில் பொறுக்கிய விதைகள் எதற்கு இருக்கின்றன? சுவரில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கைநிழலால் மான், நாய், பறவை செய்து காட்டுங்கள். பாட்டி கூட வந்திருந்தால், சின்ன வயதில் கரண்டே இல்லாத வீட்டில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அவர் நிறுத்தவே மாட்டார்.

ராத்திரி வானம்

மழை விட்டு வானம் வெளுத்த ராத்திரி, விளக்கை எல்லாம் அணைத்துவிட்டுப் பெரியவர்களோடு வாசலில் நில்லுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வடக்கே கரண்டி மாதிரி ஏழு நட்சத்திரங்கள் தெரியும். அதுதான் சப்தரிஷி மண்டலம். கரண்டிக் காம்பின் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய நட்சத்திரம். அது சுவாதி. இன்னும் நீட்டினால் வெள்ளையாக மின்னுவது சித்திரை. சித்திரை மாதத்து முழு நிலா இந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் வரும். மாதத்துக்குப் பெயர் வந்தது அதனால்தான். தெற்கே மரங்கள் மறைக்காமல் இருந்தால், மே மாதம் ராத்திரி ஒன்பது மணிக்குத் தாழ்வாகத் தென்சிலுவையும் தெரியும்.

இருட்டிய பிறகு தோட்டத்துக்குள் தனியாகப் போகவே கூடாது. காட்டெருமைகள் நடமாடும் மலை இது.

ஒரு வாளித் தண்ணீர்

மலை என்றால் தண்ணீர் கொட்டும் என்று நினைப்போம். ஆனால் கோடையில் கிளியூர் அருவிக்குப் போனால், வெறும் பாறையைத்தான் பல நாள் பார்க்க வேண்டியிருக்கும். 300 அடி உயர அருவி அது! மழைக் காலத்தில் பெய்வதெல்லாம் சரிவில் ஓடிவிடும். அதைக் கொஞ்சமாவது பிடித்து மண்ணுக்குள் இறக்குவது மரங்களும், அவற்றின் அடியில் கிடக்கும் சருகும்தான். அந்தத் தண்ணீர்தான் மெல்ல மெல்ல ஊற்றாக வருகிறது. கோடையில் ஊற்று சுருங்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நாம் எல்லோரும் மலைக்குப் போகிறோம்!

அதனால் மலை வீட்டில் ஷவரைத் திறந்துவிட்டுப் பாடக் கூடாது. ஒரு வாளி போதும். காய்கறி கழுவிய தண்ணீரை வாசல் செடிக்கு ஊற்றுங்கள். ஏரியில் ஒரு மிட்டாய்க் காகிதம்கூடப் போடாதீர்கள். ஏரி நிரம்பினால் வழிகிற தண்ணீர் கிளியூர் அருவி வழியாகத்தான் கீழே இறங்குகிறது. நீங்கள் போட்ட குப்பையும் கூடவே போகும். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. வீட்டில் இருந்தே ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துணிப்பை எடுத்துப் போங்கள். நாம் நாலு நாள் விருந்தாளி. வருஷம் முழுக்க அங்கே இருந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு அது வீடு.

ஏற்காடு போக முடியாதவங்களுக்கு...

"எங்க வீட்டில் கூட்டிட்டுப் போக மாட்டாங்களே" என்று முகம் வாடுகிறவர்களே, இதோ உங்களுக்கு. சப்தரிஷி மண்டலம் உங்கள் மொட்டை மாடியிலும் தெரியும். தாயமும் பல்லாங்குழியும் எந்தத் திண்ணையிலும் ஆடலாம். உங்கள் தெரு வேப்பமரத்துக்கும் தினமும் யார் யாரோ வந்து போகிறார்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விடுமுறை முடிகிற வரை ஒரே மரத்தை தினமும் பத்து நிமிஷம் பாருங்கள். எந்தப் பறவை வந்தது, எந்தக் கிளை துளிர்த்தது, எப்போது பூ விழுந்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் "லீவுக்கு எங்கே போனே?" என்று நண்பர்கள் கேட்டால், அந்த நோட்டை எடுத்துக் காட்டுங்கள்!