படியேற இயலாதவர்க்கும் யோகம்

தைப்பூசத் திருநாளில் பத்துமலையின் 272 படிகளையும் ஏறி முருகப் பெருமானைத் தரிசிக்கும் அன்பர் கூட்டத்தை நாம் கண்டிருக்கிறோம். அடிவாரத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. முழங்கால் நோவினால் படியேற இயலாத மூதாட்டியர், கீழிருந்தே கைகூப்பி நிற்பர். அவர்தம் பக்தியில் குறையில்லை, கால்களில்தான் வலுவில்லை.

யோகக் கலையின் வாசலிலும் இவ்வாறே பலர் நிற்கின்றனர். தரையில் அமர இயலாத முதியோர், நாள் முழுதும் நின்று உழைத்துக் களைத்த தொழிலாளர், சக்கர நாற்காலியில் வாழ்வோர், 'இது நமக்கு உரியதுதானா?' எனத் தயங்கும் பிற சமயத்தார் ஆகிய அனைவரும் அவருள் அடங்குவர். உடலை வில்லாக வளைப்பதே யோகம் என்ற எண்ணம் அவர்களைத் தடுத்து நிறுத்துகிறது.

தில்லையில் கூத்தப் பிரானின் ஆனந்த நடனத்தைக் கண்டு களித்தவர் என மரபு போற்றும் பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம், ஆசனத்திடம் உறுதியையும் சுகத்தையுமே எதிர்பார்க்கிறது. அது கூறும் எட்டு உறுப்புகளில் ஆசனம் மூன்றாவதாகவே வருகிறது. முதல் உறுப்பாகிய இயமத்தின் முதற்கூறு அகிம்சை. வலிக்கும் மூட்டை வற்புறுத்தி மடக்குவதும் இம்சையே அன்றோ! நாற்காலியில் நிமிர்ந்தமர்ந்து, மூச்சை உள்வாங்கிக் கைகளை உயர்த்தி, வெளிவிட்டுத் தாழ்த்தும் மூதாட்டியின் பயிற்சியும் யோகமே.

திருமூலர் இன்னுமொரு வழி காட்டினார். அட்டாங்க யோகத்தைத் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் செந்தமிழில் விரித்துரைத்தார். கற்போரின் மொழியில் கற்பிப்பதே வரவேற்பின் முதற்படி. தமிழும் மலாயும் சீனமும் ஒலிக்கும் நம் மண்ணில் அப்பாடம் இன்றும் பொருந்தும்.

மலாயாவில் ஒரு மருத்துவர்

1887-ஆம் ஆண்டு பத்தமடையில் பிறந்த குப்புசாமி என்னும் இளைஞர், 1913-இல் மலாயாவுக்கு வந்தார். சிரம்பான் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்ட மருத்துவமனையிலும் பின்னர் ஜொகூரிலும் பணியாற்றினார். பால்மரம் சீவிய ஏழைத் தொழிலாளர்களின் நோயையும் துயரையும் அவர் அருகிருந்து கண்டார். 1923-இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். அவரே சுவாமி சிவானந்தர். 1936-இல் அவர் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கம் தொண்டையே முதற்படியாகக் கொண்டது. அதன் மலேசியக் கிளை பத்துமலையில் சிவானந்தாசிரமமாக விளங்குகிறது. நோயாளியை நாடிச் சென்ற மருத்துவரின் மனமே யோக ஆசிரியருக்கும் வேண்டும்.

பிற சமயத்தாரை வரவேற்பதில் ஒளிவுமறைவற்ற நேர்மை தேவை. 2008 நவம்பரில் மலேசியத் தேசிய ஃபத்வா மன்றம், மந்திரமும் வழிபாட்டுக் கூறுகளும் கலந்த யோகம் முஸ்லிம்களுக்கு ஏற்றதன்று என அறிவித்தது. மந்திரம் ஓதாமல் உடற்பயிற்சியாகச் செய்யலாம் என அப்போதைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி விளக்கினார். எனவே பயிற்சியில் என்னென்ன இடம்பெறும் என்பதை முன்கூட்டியே தெரிவித்து, முடிவை வருபவரிடமே விடுதல் முறை. யோகத்தின் வேரை மறைக்கவும் வேண்டியதில்லை. எவர்மீதும் திணிக்கவும் வேண்டியதில்லை.

மண்டபங்கள் திறக்கட்டும்

திருவிழா நாட்களில் நிரம்பி வழியும் ஆலய மண்டபங்கள் பல, மற்ற நாட்களில் வெறிச்சோடிக் கிடக்கின்றன. அன்னதானத்திற்கு வாங்கிய நாற்காலிகளும் அங்கேயே உள்ளன. வேலை முடிந்து வருவோர்க்கு ஏற்ற மாலை நேரம், தாய்மார்க்குத் தனி வகுப்பு, சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை, கட்டணமின்மை ஆகியவற்றை ஆலய நிர்வாகத்தினர் ஏற்பாடு செய்யலாம். தேர்ந்த ஆசிரியர் அவரவர் உடல்நிலையைக் கேட்டறிந்த பின்னரே தொடங்க வேண்டும். இரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவதும், மூச்சை நெடுநேரம் அடக்காதிருப்பதும் நலம்.

அன்னதானப் பந்தியில் அமர்ந்தவரை நாம் யாரென்று கேட்பதில்லை. அவர் பசிக்கேற்பப் பரிமாறுகிறோம். குழந்தைக்குச் சிறு கவளம். பல்லில்லா முதியவருக்குக் குழைந்த சோறு. யோகத்தையும் அவ்வண்ணமே பரிமாறினால், அடிவாரத்தில் நிற்கும் மூதாட்டிக்கும் அதில் ஓர் இலை உண்டு.