2 நிமிட விமானப் பயணம்!

ஒருவர் விமானத்தில் ஏறுகிறார். இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொள்கிறார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார். கீழே கடல் தெரிகிறது. வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள், விமானம் தரையில் இறங்கிவிடுகிறது!

இது கட்டுக்கதை அல்ல. ஸ்காட்லாந்து நாட்டில் நடப்பது.

அண்டை வீடு மாதிரி

ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் ஆர்க்னி என்ற தீவுக்கூட்டம் உள்ளது. அங்கே சுமார் 70 தீவுகள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 20 தீவுகளில்தான் மக்கள் வசிக்கிறார்கள்.

அவற்றில் ஒன்று வெஸ்ட்ரே. மற்றொன்று பாப்பா வெஸ்ட்ரே. இரண்டிலும் சின்னஞ்சிறு விமான நிலையங்கள் உண்டு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 2.7 கிலோமீட்டர். அதாவது, ஏறக்குறைய ஒன்றே முக்கால் மைல். தரையாக இருந்தால் அரை மணி நேரத்தில் நடந்தே போய்விடலாம்!

1967-ம் ஆண்டில் லோகன்ஏர் என்ற கம்பெனி இங்கே விமானம் விடத் தொடங்கியது. உலகத்திலேயே மிகக் குறுகிய விமானப் பயணம் என்று இது கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது.

53 விநாடி

கால அட்டவணைப்படி பயண நேரம் 2 நிமிடம். காற்று சாதகமாக வீசினால் இன்னும் சீக்கிரம் போய்விடலாம். ஒரு தடவை 53 விநாடியிலேயே விமானம் போய்ச் சேர்ந்தது. அதுதான் சாதனை!

இது பெரிய விமானம் அல்ல. "ஐலண்டர்" என்ற சிறு விமானம். இரண்டு என்ஜின் உள்ளது. 8 பயணிகள் உட்காரலாம். இறங்க நீளமான பாதை தேவை இல்லை. தீவுகளுக்கு ஏற்ற விமானம்.

விமானம் எதற்கு?

"இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் ஊருக்கு விமானம் எதற்கு? படகில் போகக்கூடாதா?" என்று கேட்கலாம்.

படகும் இருக்கிறது. ஆனால் குளிர்காலத்தில் அங்கே புயல் அடிக்கும். கடல் கொந்தளிக்கும். அப்போது படகை நம்பி இருக்க முடியாது.

மற்றொரு காரணமும் உண்டு. ஆர்க்னியின் தலைநகர் கிர்க்வால். பெரிய ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. விமானம் அங்கிருந்து புறப்பட்டு, இரண்டு தீவுகளையும் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. ஊர் ஊராக நின்று போகும் பஸ் மாதிரிதான் இதுவும். அடுத்தடுத்த இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் அந்த 2 நிமிடம்!

பாப்பா வெஸ்ட்ரேயில் 100 பேர்கூட இல்லை. ஆசிரியர், நர்ஸ், நோயாளி எல்லோருக்கும் இந்த விமானம் தேவை. கிர்க்வாலுக்குக் கப்பலில் போனால் சுமார் 2 மணி நேரம் ஆகும். விமானத்தில் 20 நிமிடம்தான்.

இத்தனை சிலர் கொடுக்கும் டிக்கெட் பணம் செலவுக்குக் கட்டாது. அதனால் உள்ளூர் மன்றம் பண உதவி செய்கிறது.

வெளியூர்க்காரர்கள் இந்த விமானத்தில் வேடிக்கைக்காக ஏறுகிறார்கள். பயணம் செய்ததற்குச் சான்றிதழும் வாங்கிப் போகிறார்கள். தீவில் வாழ்பவர்களுக்கு இது வேடிக்கை அல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி இது!