ஒருவருக்கு மட்டும் இடமுள்ள வண்டி

கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தி, உண்ண அழைத்தாலும் வராமல் ஒதுங்கியிருப்பவரைப் பார்த்து, ‘முகத்தைத் தூக்கி வைத்திருக்கின்றார்’ என்கின்றோம். உம்மணாமூஞ்சி என்றும் சொல்லிவிடுகின்றோம். நம் மொழி அவரது முகத்தைப் பார்க்கின்றது. இதே நிலையைக் குறிக்கும் ‘சல்லன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேரில் முகம் இல்லை, தனிமையே இருக்கின்றது.

இலத்தீனில் ‘சோலுஸ்’ என்றால் தனித்தவன். அச்சொல்லின் வழிவந்த ஒன்று, பிரெஞ்சுக்காரர் மூலம் இங்கிலாந்தை அடைந்து, 14ஆம் நூற்றாண்டில் ‘சொலெய்ன்’ என வழங்கியது. அப்போது அதில் குறையேதும் இருக்கவில்லை. உலகில் ஒன்றே ஒன்றாக வாழ்வதாகக் கருதப்பட்ட பீனிக்ஸ் பறவைக்குக் கவிஞர் சோசர் அதனை அடைமொழியாக்கினார். எனினும், அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே ‘தனித்திருப்பவன்’ என்ற பொருள், ‘பிறரோடு சேர மனமின்றி முகம் வாடியிருப்பவன்’ எனத் திரியத் தொடங்கிவிட்டது.

‘சல்க்கி’ என்ற இன்னொரு சொல்லும் கோபித்து ஒதுங்குபவரைக் குறிப்பதே. 18ஆம் நூற்றாண்டில், இரு சில்லுகளும் ஒரே இருக்கையும் கொண்ட ஒற்றைக் குதிரை வண்டி ஒன்றிற்கு ஆங்கிலேயர் அப்பெயரையே சூட்டினார்கள். வேறொருவரை ஏற்றிக்கொள்ள அதில் இடமில்லை. பந்தயத் திடல்களில் அவ்வண்டி இன்றும் ஓடுகின்றது.

ஆங்கில விவிலியப் பதிப்புகள் சிலவற்றில் ‘சல்லன்’ என்ற சொல் அரசன் ஆகாபைக் குறித்து வருகின்றது (1 அரசர்கள் 21:4). அரண்மனைக்கு அருகிலிருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை அவன் கேட்டான். அதைவிட நல்ல தோட்டமோ பணமோ தருவதாகவும் சொன்னான். மூதாதையரின் உரிமைச் சொத்தைக் கொடுக்க ஆண்டவர் இடந்தராதிருப்பாராக என நாபோத்து மறுத்தார். போர்க்களம் கண்ட அரசன் வீடு திரும்பிக் கட்டிலில் படுத்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான், உணவு வேண்டாம் என்றான். ஆறு வயதுப் பிள்ளை செய்வதைப் போன்றதல்லவா இது?

மனைவி ஈசபேல் வந்து காரணம் வினவுகின்றாள். ஆகாபின் பதிலைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். பணமோ வேறு தோட்டமோ தருவதாகத் தான் கேட்டதையும், நாபோத்து தோட்டத்தைத் தர மறுத்ததையும் மட்டுமே அவன் கூறுகின்றான். மூதாதையரின் சொத்து என்பதையோ, ஆண்டவரின் பெயரையோ அவன் வாய் உச்சரிக்கவில்லை. தனியே படுத்திருந்த வேளையில் மற்றவனுடைய நியாயம் உள்ளத்தைவிட்டு அகன்று, தன் காயம் மட்டுமே எஞ்சியது போலும். அந்தப் பாதிக் கதையை வைத்துக்கொண்டுதான் ஈசபேல் மடல்கள் எழுதினாள். பொய்ச்சாட்சிகள் எழுந்தார்கள். நாபோத்து கல்லெறிந்து கொல்லப்பட்டார். ஆகாபு கொலைக்குக் கட்டளையிட்டதாக அவ்வதிகாரத்தில் எங்கும் இல்லை. ஆனால் அம்மடல்களில் பதிந்திருந்தது அவனுடைய முத்திரை.

ஆண்டுக்கணக்காகக் கதைக்காமல் இருக்கும் அண்ணன் தம்பியரிடம் காரணம் கேட்டாலும் இத்தகைய பாதிக் கதைகளே கிடைக்கும். காணி எல்லையாக இருக்கும். கலியாண வீட்டுக்கு முறையாக அழைக்காததாக இருக்கும். மறுபாதி அடுத்த வீட்டிலேயே இருக்கும்.

இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் நரகக் காட்சியில் வெளிப்படையாகச் சினந்தவர்களைச் சேற்றின் மேலே ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள விட்டார். சினத்தை உள்ளே பூட்டி வைத்தவர்களைச் சேற்றுக்கு அடியில் கிடத்தினார். இவர்களைத்தான் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் பலர் ‘சல்லன்’ என்கின்றனர். அவர்களது பெருமூச்சு நீரின் மேல் குமிழியாக மட்டுமே தெரிகின்றது.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்திலும் ஒருவன் வெளியே நிற்கின்றான். வீட்டில் விருந்து, ஆடலும் பாடலும் கேட்கின்றன, மூத்த மகனோ சினமுற்று உள்ளே போக மறுக்கின்றான். தம்பியைத் தம்பி என்று சொல்லவும் அவனுக்கு மனமில்லை. ‘உம்முடைய மகன்’ என்கின்றான். விருந்தினரை விட்டு வெளியே வந்து அவனை வேண்டி நின்ற தந்தை, தம் மறுமொழியில் ‘உன் தம்பி’ என்றே சொல்கின்றார். மூத்தவன் உள்ளே சென்றானா என்பதைச் சொல்லாமலே இயேசு உவமையை முடித்துவிட்டார்.